நூற்றாண்டு காத்திருந்த ஒரு குறிப்பு

திருக்கோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் அமைதியையும் புகழாத மாலுமி இல்லை. குன்றுகள் சூழ்ந்து காக்கும் அந்த உள்துறையை நாடிப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பல நாட்டார் வந்தனர். கோணேசர் மலையிலே கோட்டை எழுந்தது, அது கைமாறியது, பின்னும் கைமாறியது. இவ்வரலாறு பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்ததே. ஆயின் அக்கப்பல்களிலே பீரங்கியும் வெடிமருந்தும் மாத்திரம் வந்திறங்கவில்லை. நோய்களும் வந்தன. அந்நோய்களோடு போராடும் வைத்தியரும் வந்தனர். கோட்டையோ ஆங்கில இளவரசர் ஒருவரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. வைத்தியர்களின் பெயரைத் தாங்கி நிற்பது எது என்று வினவினால் விடை கூறுதல் எளிதன்று.

ஆங்கிலேயர் திருக்கோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியது 1795இல். இரண்டு ஆண்டுகளின் பின், 1797இல், ஏறக்குறைய 24 வயதுடைய ஓர் இளம் வைத்தியர் இத்துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டார். தோமஸ் கிறிஸ்ரி என்பது அவர் பெயர். ஸ்கொத்லாந்திலே பிறந்து, அபடீன் பல்கலைக்கழகத்திற் கற்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவையிற் சேர்ந்தவர் அவர். 1800இல் இலங்கையின் படை வைத்தியசாலைகளுக்கு மேற்பார்வையாளரானார். 1802இல் தீவின் பெரியம்மை வைத்தியசாலைகளுக்குத் தலைவரானார். 1803இல் நடந்த கண்டிப் போரிலும் பணி புரிந்தார். 1810இல் தாயகம் திரும்பினார். இவை ஓர் உத்தியோகத்தரின் சேவைக் குறிப்பேட்டிற் காணப்படும் செய்திகள் போன்றவையே. ஆயின் இவ்வொரு மனிதரின் வாழ்விலே இருவேறு சாதனைகள் உள்ளன. ஒன்றை உலகம் உடனே கண்டுகொண்டது. மற்றொன்றைக் காண உலகுக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காலம் தேவைப்பட்டது. மருத்துவ ஆராய்ச்சியாளரை மதித்தல் என்பது யாது, மதியாது விடுவதால் வரும் கேடு யாது என்பவற்றை இவ்விரு சாதனைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் நன்கு உணரலாம்.

முதலாவது சாதனை பெரியம்மை பற்றியது. வைசூரி என்றும் பெயர் பெற்ற அக்கொடிய நோய் ஊருக்குள் நுழைந்தால் வீடுகள் வெறுமையாகிவிடும். பிழைத்தவர் பலர் முகம் முழுதும் வடுப்பட்டோ பார்வையிழந்தோ எஞ்சினர். நோயாளியின் கொப்புளத்துச் சீழையே எடுத்து, நலமாயிருப்பவர் உடலிற் புகுத்தி, இலேசான நோயை வருவித்துப் பெருநோயைத் தடுக்கும் முறை முன்னரே வழக்கில் இருந்தது. அம்முறையில் ஆபத்தும் இருந்தது. அது நோயைப் பிறருக்குப் பரப்பவும் கூடும். 1796இல் எட்வேட் ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர், மாட்டம்மையின் பாலைச் சிறுவன் ஒருவனுக்கு இட்டு அவனைப் பெரியம்மையினின்று காத்தார்; 1798இல் அதனை நூலாக வெளியிட்டார்.

அக்காலத்திற் குளிரூட்டும் பெட்டி இல்லை. அம்மைப்பாலைப் பல நாட் பயணத்திற் கெடாது காப்பது அரிது. ஆகவே ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றியே அதனை உயிரோடு கொண்டு செல்ல வேண்டியிருந்தது. வியன்னா நகரிலிருந்து பக்தாத், பசுரா வழியாக அது பம்பாயை அடைந்தது. அங்கே 1802 யூன் மாதத்தில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு இட்டது பற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அது இலங்கைக்கு வந்து சேர்ந்தது. அதனைத் தீவெங்கும் பரப்பும் பொறுப்பு கிறிஸ்ரியின் தோளில் விழுந்தது. மக்களின் அச்சத்தைப் போக்கவும், பழைய ஆபத்தான முறையை நீக்கிப் புதியதை நிலைநாட்டவும் அவர் ஆண்டுக்கணக்காக உழைத்தார். 1811இல் அப்பணியின் வரலாற்றை நூலாக எழுதினார். வெற்றிகளை மட்டுமன்றி, அம்மைப்பாலிட்ட பின் தீய விளைவு தோன்றிய சிலரின் செய்தியையும் அவர் அதிலே மறையாது எழுதினார் என்பது போற்றத்தக்கது. அவருக்கு மதிப்பும் கிடைத்தது. மருத்துவக் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. 1813இல் அரச குடும்பத்தின் சிறப்பு வைத்தியர்களுள் ஒருவராக நியமனம் பெற்றார்.

இரண்டாவது சாதனைக்கு இத்தகைய மதிப்பு எதுவும் கிட்டவில்லை. அதன் அளவும் மிகச் சிறிது. அது ஒரு கடிதம். அக்கடிதத்தினுள்ளும் சில வரிகள்.

அக்காலத்து இலங்கைப் படைவீரரைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. அதன் பெயரே இத்தீவிற் பிறந்தது என்பர் பலர். சிங்களத்திலே ‘பெரி’ என்றால் இயலாது என்று பொருள். இயலாது, இயலாது என நோயாளி இருமுறை கூறும் சொல்லே நோயின் பெயராயிற்றாம். கால்கள் மரத்துப் போகும், நடை தளரும், பின் தசைகள் மெலிந்து நோயாளி படுக்கையிற் கிடப்பான். இது ஒரு வகை. மற்றொரு வகையிற் கால்களும் வயிறும் நீர் கோத்து வீங்கும், மூச்சு முட்டும், இதயம் தளர்ந்து, காலையிற் பேசிக்கொண்டிருந்தவன் மாலையில் இறந்துவிடுதலும் உண்டு. நோய் எதனால் வருகிறது என்று எவருக்கும் தெரியாது. சதுப்பு நிலத்து ஆவி என்றனர் சிலர். கடற்காற்று என்றனர் சிலர். ஈரத்தரையிற் படுப்பது என்றனர் வேறு சிலர்.

கிறிஸ்ரியோ நோயாளியின் உணவை நோக்கினார். அங்ஙனம் நோக்குவதற்கு அவருக்கு ஒரு முன்மாதிரி இருந்தது. நீண்ட கடற்பயணத்தில் மாலுமிகளின் பல்லீறு வீங்கிக் குருதி கசிந்து உயிரைப் போக்கும் ஸ்கேவி நோய்க்குத் தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் மருந்தாகும் என்பதை ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் 1747இற் செய்த பரிசோதனையாற் கண்டு, 1753இல் நூலாக வெளியிட்டிருந்தார். ஆங்கிலக் கடற்படை தன் மாலுமிகளுக்கெல்லாம் எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவு செய்ததோ 1795இல். அஃதாவது, திருக்கோணமலை ஆங்கிலேயர் வசமான அதே ஆண்டில். நூல் வெளிவந்து செயலாவதற்கு 42 ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்தில் மாண்ட மாலுமிகள் எண்ணற்றோர்.

புளிப்புப் பழங்கள் ஸ்கேவி நோய்க்குப் பெரும்பயன் தருவதைக் கிறிஸ்ரி தம் அனுபவத்தால் அறிந்திருந்தார். அவற்றையே பெரிபெரி நோயாளிக்கும் கொடுத்துப் பார்த்தார். பயனில்லை. இவ்விடத்திலே சாதாரண வைத்தியர் ஒருவர், ‘பழத்தாற் குணமாகவில்லை, ஆகவே இது உணவினால் வந்த நோயன்று’ என்று முடித்திருப்பார். கிறிஸ்ரி அங்ஙனம் முடிக்கவில்லை. ஊட்டமிக்க உணவு இல்லாமையே இந்நோய்க்குத் தலையாய காரணம் என்றார். ஸ்கேவியும் பெரிபெரியும் இரண்டும் உணவுக் குறையால் வருவனவே. ஆயினும் ஒன்றைத் தீர்ப்பது மற்றொன்றைத் தீர்க்கவில்லை. எனவே இவ்விரண்டின் வேறுபாடும் ஏதோ ஒரு நுட்பமான இரசாயனச் சேர்க்கையைப் பொறுத்ததாதல் வேண்டும் என்று அவர் ஊகித்தார். 1804இற் கல்கத்தாவிலே வில்லியம் ஹண்டர் என்பவர், லஸ்கார் எனப்படும் இந்திய மாலுமிகளின் நோய்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இக்கருத்து அச்சேறியது.

இதன் அருமையை இன்று விற்றமின் என்னும் சொல்லைக் கேட்டுப் பழகியவர் எளிதில் உணர்வர். ஒரு நோய்க்கு ஒரு சத்து, மற்றொரு நோய்க்கு மற்றொரு சத்து. இரண்டும் உணவிலே மிகச் சிறு அளவில் அடங்கியவை. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. இதுவே விற்றமின் கொள்கையின் உயிர்நாடி. அக்கொள்கையின் வாசற்படியிலே கிறிஸ்ரி 1804இல் நின்றார். கதவைத் திறக்கும் திறவுகோல் அவரிடம் இருக்கவில்லை என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். அரிசியிலுள்ள குறையே காரணம் என்று அவர் காணவில்லை. சத்தைப் பிரித்தெடுக்கும் இரசாயன அறிவு உலகில் எவரிடமும் அன்று இல்லை. ஆயினும் அவர் வரிகளைப் படித்த ஒருவர், பழம் தீர்க்காத நோயை வேறெந்த உணவு தீர்க்கும் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்திருக்கலாம். அதற்கு இரசாயனம் வேண்டியதில்லை. பொறுமை ஒன்றே போதும். அங்ஙனம் செய்தவர் இலர்.

இதற்கிடையில் நோய் பெருகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசிய நாடுகளில் நீராவி ஆலைகள் தோன்றின. உரலும் உலக்கையும் நீக்காது விட்ட தவிட்டையெல்லாம் ஆலை முற்றாகத் தீட்டி, முத்துப்போல் வெண்மையான அரிசியைத் தந்தது. அவ்வெள்ளரிசியையே நாள்தோறும் உண்ட கப்பல்களிலும் சிறைகளிலும் படைமுகாம்களிலும் பெரிபெரி தாண்டவமாடியது.

யப்பானியக் கடற்படையின் வைத்தியர் தக்காக்கி கனெகிறோ இதனைக் கண்டு வருந்தினார். 1882இற் புறப்பட்டு 1883இல் மீண்ட பயிற்சிக் கப்பல் ஒன்றில் ஏறக்குறைய 370 பேர் சென்றனர்; அவர்களுள் 169 பேருக்குப் பெரிபெரி கண்டது; 25 பேர் இறந்தனர். 1884இல் மற்றொரு கப்பலை அதே வழியில் அனுப்புவித்து, வெள்ளரிசியைக் குறைத்து, இறைச்சியும் வாற்கோதுமையும் பிறவும் சேர்த்து உணவு கொடுக்கச் செய்தார். நோயுற்றோர் ஏறக்குறைய 15 பேரே, இறந்தவர் ஒருவருமில்லை. புரதக் குறைவே நோய்க்குக் காரணம் என்று தக்காக்கி கருதினார். அக்காரணம் பிழை, மருந்தோ சரி. சில ஆண்டுகளிற் கடற்படையிலிருந்து நோய் அகன்றது.

அதே நாட்டின் தரைப்படை வைத்தியத் தலைவர்கள் அவர் சொல்லை ஏற்கவில்லை. நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்று ஜேர்மன் ஆராய்ச்சியாளர் நிறுவி வந்த காலம் அது. பெரிபெரிக்கும் ஒரு கிருமி அகப்படும் என்று அவர்கள் காத்திருந்தனர். 1904-1905 ஆண்டுகளில் நடந்த ருசிய-யப்பானியப் போரில் அத்தரைப்படையில் ஏறக்குறைய 27,000 வீரர் பெரிபெரியால் மாண்டனர். அவர்களை மாய்த்தது பகைவரின் குண்டன்று. தங்கள் நாட்டிலேயே நிறுவப்பட்ட ஓர் உண்மையைத் தங்கள் தலைவர்கள் மதியாமையே. ஆராய்ச்சியாளரை மதித்தல் வெறும் மரியாதைச் சடங்கு அன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

யாவாத் தீவிலும் இதே நோயை ஆராய ஒல்லாந்த அரசாங்கம் 1886இல் ஒரு குழுவை அனுப்பியது. அக்குழுவுடன் வந்த கிறிஸ்ரியான் எய்க்மன் என்னும் படை வைத்தியர் பத்தேவியாவிலே தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அவரும் கிருமியையே தேடினார். ஆராய்ச்சிக்கு வளர்த்த கோழிகள் ஒருநாள் தள்ளாடத் தொடங்கின. கால் மடங்கி விழுந்தன. பெரிபெரி நோயாளியைப் போன்றே காணப்பட்டன. சில மாதங்களின் பின் தாமாகவே குணமடைந்தன. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. இடைக்காலத்திற் கோழிகளுக்குப் படை வைத்தியசாலைச் சமையற்கட்டில் மிஞ்சிய வெள்ளரிசிச் சோறு போடப்பட்டது. பின்னர் வந்த சமையற்காரர், படைவீரரின் சோற்றைக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். மீண்டும் தவிடு நீக்காத அரிசி போடப்பட்டதும் நோய் நீங்கிற்று. சிக்கனம் கருதிய ஒரு சமையற்காரரின் மறுப்பு, மருத்துவத்துக்கு ஒரு வாயிலைத் திறந்தது.

கோழிக்கு உண்மையானது மனிதனுக்கும் உண்மையாகுமா? எய்க்மனின் வேண்டுகோளின்படி யாவாவின் வைத்தியப் பரிசோதகர் வோடர்மன் 101 சிறைச்சாலைகளின் கணக்கைத் திரட்டினார். கைதிகளின் தொகை ஏறக்குறைய 280,000. தவிட்டரிசி உண்ட சிறைகளிற் பதினாயிரம் பேரில் ஒருவருக்கே நோய் கண்டது. தீட்டிய வெள்ளரிசி உண்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் நோயுற்றனர். அரிசியிலுள்ள ஏதோ ஒரு நஞ்சைத் தவிடு முறிக்கிறது என்று எய்க்மன் விளக்கம் கூறினார். அவருக்குப் பின் ஆராய்ச்சியை ஏற்ற கெறித் கிறிஞ்ஸ் என்பவரே, நஞ்சு ஒன்றுமில்லை, உடலுக்கு இன்றியமையாத ஒரு சத்து தவிட்டோடு நீங்கிவிடுவதே காரணம் என்று 1901இல் எடுத்துரைத்தார். கிறிஸ்ரியின் ஊகம் வேறொருவர் வாயிலாக, அவர் பெயர் இன்றியே, மீண்டும் பிறந்தது.

இக்கதையிலே தமிழ் மக்களுக்கும் ஓர் இடம் உண்டு. மலாயாவிலே ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பெருந்தொகையினராகப் பெரிபெரியால் மாண்டனர். அதே நாட்டில் உழைத்த தமிழரிடையே அந்நோய் அரிது. இரு சாராரும் அரிசியே உண்டனர். வேறுபாடு யாதென ஆராய்ந்த பிறடன் என்னும் வைத்தியர், சீனர் உண்டது சீயத்து வெள்ளைப் பச்சையரிசி, தமிழர் உண்டது புழுங்கலரிசி என்பதைச் சுட்டிக்காட்டினார். கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் வில்லியம் பிளெச்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சையரிசி உண்டவர் பலர் நோயுற்றனர், அவர்களிற் பலர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட பிரிவில் அந்நோயால் இறந்தவர் இலர். பின்னர் பிறேசர், ஸ்ரன்ரன் என்னும் இருவரும் நெகிரி செம்பிலானில் வீதி அமைத்த யாவானியத் தொழிலாளரிடையே இதனை மீண்டும் ஆராய்ந்து 1909இல் உறுதிப்படுத்தினர்.

புழுங்கலரிசி காப்பது எவ்வாறு? நெல்லின் தவிட்டிலும் முளையிலுமே அச்சத்து மிகுதியாக உள்ளது. பச்சை நெல்லைத் தீட்டும்போது தவிட்டோடு சத்தும் போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, நீரிற் கரையும் இயல்புடைய அச்சத்து வெளியிலிருந்து மணியின் உட்பகுதிக்கு ஊறிச் செல்லும். பின் உலர்த்திக் குத்தினும் தீட்டினும் அதன் பெரும்பங்கு உள்ளேயே தங்கிவிடும். தம்பலகாமத்திலும் மூதூரிலும் விளைந்த நெல்லை அவித்து, பாயிற் பரப்பி, வெயிலில் உலர்த்தி, உரலிலிட்டுக் குத்திய பெண்கள் விற்றமின் என்ற சொல்லைக் கேட்டறியார். பூச்சி பிடியாது, நொய்யாகாது, பசி தாங்கும் என்பவையே அவர்கள் அறிந்த காரணங்கள். அவர்கள் ஆராய்ச்சியாளர் அல்லர். ஆனால் ஆராய்ச்சியாளருக்கு விடையை வைத்திருந்தவர்கள். அவ்விடையைக் கண்டுகொள்ள, தொழிலாளியின் கலயத்தில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கும் வைத்தியர் ஒருவர் வேண்டியிருந்தார்.

அதன்பின் வேலை விரைந்தது. 1912இல் போலந்து நாட்டவரான கசிமிர் பங்க் என்பவர் இத்தகைய சத்துக்களுக்குப் பொதுவாக ஒரு பெயரிட்டார். அதிலிருந்தே விற்றமின் என்னும் சொல் வந்தது. 1918இல் நீலகிரியின் குன்னூரிலே றொபேட் மக்கரிசன் பெரிபெரி ஆராய்ச்சிக்கென ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். அது வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று இந்தியாவின் தேசிய போஷாக்கு நிறுவனமாக விளங்குகிறது. 1926இல் பத்தேவியாவிலே ஜான்சன், டொனாத் என்னும் இருவர் தவிட்டிலிருந்து அச்சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் றொபேட் வில்லியம்ஸ் அதன் அமைப்பை அறிந்து ஆய்வுகூடத்திலே செயற்கையாக ஆக்கினார். அவர் 1886இல் நெல்லூரிலே பிறந்த அமெரிக்கர். அச்சத்தைத் தேடுவதிற் கால் நூற்றாண்டு செலவிட்டவர். விற்றமின் பி 1 என்றும் தயமின் என்றும் வழங்குவது அதுவே. நுட்பமான இரசாயனச் சேர்க்கை என்று கிறிஸ்ரி எழுதியதற்கும், அச்சேர்க்கை இன்னது என்று வில்லியம்ஸ் வரைந்து காட்டியதற்கும் இடையில் 132 ஆண்டுகள் கழிந்தன.

இனி, இவர்களுக்குக் கிடைத்த மதிப்பை நோக்கலாம். தக்காக்கிக்கு யப்பானியப் பேரரசர் பிரபுப் பட்டம் அளித்தார். மக்கள் அவரை வாற்கோதுமைப் பிரபு என்று அன்போடும் சற்றுக் கேலியோடும் அழைத்தனர். 1929இல் நொபெல் பரிசு எய்க்மனுக்கும், விற்றமின் ஆராய்ச்சியில் வேறு துறையில் உழைத்த ஆங்கிலேயர் ஹொப்கின்சுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நோயுற்றிருந்த எய்க்மனாற் பரிசு பெற ஸ்ரொக்ஹோம் செல்ல இயலவில்லை. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். சரியான விளக்கம் கூறிய கிறிஞ்சுக்குப் பரிசில் இடமில்லை. பெயரிட்ட பங்குக்கும் இல்லை. தக்காக்கி பரிசுக்கு முன்னரே மறைந்துவிட்டார். வோடர்மனையும் பிளெச்சரையும் அறிந்தவர் சிலரே. தென்துருவக் கண்டத்தின் பனிப்பரப்பிலே தக்காக்கி, எய்க்மன், பங்க் ஆகியோரின் பெயர்கள் முனைகளுக்கும் பனியாறு ஒன்றுக்கும் பிற்காலத்தில் இடப்பட்டன.

பரிசு கொடுப்போரைக் குறைகூறுதல் இங்கு நோக்கமன்று. பரிசு ஒரு கணத்தைச் சுட்டுவது. ஆராய்ச்சியோ ஒரு நெடுஞ்சங்கிலி. சங்கிலியின் ஒரு கண்ணியைப் பொன்னாற் பூசினால், அதுவே முழுச் சங்கிலி என்று பிள்ளைகள் எண்ணிவிடுவர். ஆகவே மருத்துவ ஆராய்ச்சியாளரை மதித்தலில் மூன்று படிகளை வேறுபடுத்தி அறிதல் நன்று. பெயரை நினைத்தலும் பரிசளித்தலும் முதற்படி. அவர் கண்டதை ஆராய்ந்து, சரியா பிழையா எனச் சோதித்தல் இரண்டாம் படி. சரியெனக் கண்டதை நோயாளியின் படுக்கைக்கும் ஏழையின் அடுக்களைக்கும் கொண்டு செல்லுதல் மூன்றாம் படி. கிறிஸ்ரி அம்மைப்பால் விடயத்தில் மூன்றையும் பெற்றார். பெரிபெரி விடயத்தில் அவருக்கு இரண்டாம் படியே மறுக்கப்பட்டது. தமக்கு மாலை இடாமைக்காக அவர் வருந்தியிருக்கமாட்டார். தம் ஊகத்தை ஒருவரேனும் சோதித்துப் பார்க்கவில்லை என்று அறிந்திருப்பின் வருந்தியிருப்பார்.

பெயரில்லாதோரையும் இங்கு மறத்தலாகாது. யாவாச் சிறைகளின் கைதிகளும், கோலாலம்பூரின் மனநோயாளிகளும், காட்டு வீதியில் உழைத்த கூலிகளும் இவ்வறிவுக்குத் தங்கள் உடலையே விலையாகக் கொடுத்தனர். அவர்களிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. கேட்டிருப்பினும் மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. இன்று நோயாளியின் அறிந்த சம்மதமின்றி ஆராய்ச்சி செய்தல் குற்றமெனக் கொள்ளப்படுகிறது. அவ்விதி தோன்றுவதற்கு முன் பயன்படுத்தப்பட்டோருக்கும் ஆராய்ச்சியின் வரலாற்றில் ஒரு வரியேனும் உரியது. மகான்களின் வரலாறாக மட்டும் மருத்துவத்தை எழுதினால் அவ்வரி விடுபட்டுப் போகும்.

பெரிபெரி பழங்கதையன்றோ, அதனை இன்று நினைப்பதாற் பயன் யாது என்று வினவுவோரும் இருக்கலாம். 2003இல் இஸ்ரேல் நாட்டிலே, பசுப்பால் ஒவ்வாத குழந்தைகளுக்கென விற்கப்பட்ட சோயா மாவொன்றில் தயமின் சேரத் தவறிவிட்டது. அம்மாவை மட்டும் உண்டு வளர்ந்த குழந்தைகள் சிலர் இறந்தனர். பிழைத்தவர் சிலருக்கு மூளை பாதிப்புற்றது. வளம் மிக்க நாடு, தேர்ந்த வைத்தியர்கள், ஆயினும் பெரிபெரி என்ற எண்ணம் எவருக்கும் உடனே தோன்றவில்லை. தென்கிழக்காசியாவின் சில பகுதிகளில் வெள்ளரிசியை மட்டும் உண்ணும் தாய்மாரின் கைக்குழந்தைகள் அண்மைக் காலத்திலும் இந்நோய்க்கு இரையாகியுள்ளனர். மதுவை மிகுதியாக அருந்தி உணவைக் குறைப்போரிடையே இத்தயமின் குறைவு இன்றும் உலகெங்கும் காணப்படுகிறது. கண்டறிந்த உண்மை ஒருமுறை கண்டறிந்ததனாலேயே நிலைத்துவிடுவதில்லை. அதனை ஒவ்வொரு தலைமுறையும் நினைவில் வைத்தல் வேண்டும். ஆராய்ச்சியாளரின் பெயரோடு அவர் கண்டதையும், கண்ட வழியையும் கற்பித்தலே அதற்குச் சிறந்த வழியாகும்.

திருக்கோணமலையில் வாழும் மாணவன் ஒருவன் கோட்டை வாயிலைக் கடக்கும்போது, இங்கே எந்த நாட்டான் எந்த ஆண்டில் வென்றான் என்று சொல்லக் கற்றிருக்கிறான். 1797இல் இத்துறைமுகத்தில் வந்திறங்கிய ஓர் இளம் வைத்தியர் நோயாளிக்குப் பழம் கொடுத்துப் பார்த்து, அது பயன்படாதபோதும் சிந்தனையை நிறுத்தாது, ஏன் பயன்படவில்லை என்று எண்ணிப் பார்த்தார் என்பதையும் அவனுக்குச் சொல்லலாம். அதற்குச் சிலையோ மண்டபமோ வேண்டியதில்லை. சுகாதார பாடத்திலே அரை மணி நேரம் போதும்.

இன்றும் மூதூரிலோ கிண்ணியாவிலோ கந்தளாயிலோ ஒரு வைத்தியசாலையில், நாற்பது நோயாளிகளைப் பார்த்துக் களைத்த வைத்தியர் ஒருவர், அவர்களுள் மூவரிடம் மட்டும் ஒரு விந்தையைக் கண்டு குறிப்பேட்டில் நான்கு வரி எழுதக்கூடும். அவர் ஊகம் பிழையாகவும் இருக்கலாம். பிழையா சரியா என்று பார்ப்பதற்கு அக்குறிப்பை ஒருவர் எடுத்துப் படித்தல் வேண்டும். மேலதிகாரி ஒருவர் அதனைப் பொருட்படுத்தி மேலும் விசாரிக்க வேண்டும். அவ்வைத்தியருக்கு எழுதுவதற்கு ஓர் அரை மணி ஓய்வும் கிடைக்க வேண்டும். கிறிஸ்ரியின் குறிப்பு நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. அவ்வளவு காலம் நோயாளிகள் காத்திருக்க முடியவில்லை.